குறுகிப்போன போர்வை: சொந்தமாகக் குரோஷா டிசைன் போடுவது பற்றி ஒரு பதில்

நீங்கள் கேட்டிருப்பதை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். மூன்று வருடமாக யூடியூப் பார்த்துக் குரோஷா, அதாவது ஒற்றைக் கொக்கி ஊசிப் பின்னல், போடுகிறீர்கள், இரண்டு ஊசியில் போடும் நிட்டிங்கும் ஓரளவு வரும். அடுத்தவர் சொல்லச் சொல்ல எண்ணிப் போடுவது அலுத்துவிட்டது. சொந்தமாக ஒரு குழந்தைப் போர்வையும் ஒரு மஃப்ளரும் டிசைன் செய்ய ஆசை. போர்வையை ஒருமுறை ஆரம்பித்துப் பார்த்ததில் அது மேலே போகப் போகக் குறுகிவிட்டது, பாதியில் நூலும் தீர்ந்துவிட்டது. கணக்கு வராத ஆளால் இதெல்லாம் முடியுமா, இருக்கிற பின்னலையே மாற்றிப் போட்டால் அதை என் டிசைன் என்று சொல்லலாமா என்று இரண்டு கேள்வி வைத்திருக்கிறீர்கள். இரண்டுக்கும் அடியில் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது. டிசைன் செய்கிறவர் உட்கார்ந்து என்னதான் செய்கிறார் என்பது யாரும் உங்களுக்குச் சொல்லித்தரவில்லை. வீடியோக்களில் முடிந்த பொருளைக் காட்டுகிறார்கள், அதற்கு முன்னால் பிரித்துப் பிரித்துப் போட்ட நாலு நாளைக் காட்டுவதில்லை.

நான் கோயம்புத்தூரில் 18 வருடமாக வீட்டிலேயே வகுப்பு எடுக்கிறேன். அதற்கு முன்னால் குன்னூரில் என் பெரியம்மா ஸ்வெட்டர் ஆர்டர் எடுத்துப் பின்னும்போது பக்கத்தில் உட்கார்ந்து நூல் சுற்றிக் கொடுத்துக் கற்றுக்கொண்டதுதான் என் படிப்பு. டெக்ஸ்டைல் படித்தவள் அல்ல. ஆகவே நூலின் வேதியியல் கேட்டால் விழிப்பேன். கண்ணிக் கணக்கு, அதாவது எத்தனை பின்னல் வளையம் என்கிற கணக்கு, கேட்டால் சொல்வேன்.

இரண்டாவது கேள்விக்கு முதலில் வருகிறேன், அதுதான் சுலபம். அடித்தளமாகப் போடும் சங்கிலியான செயின், குட்டைக் கண்ணியான சிங்கிள் குரோஷா, அதைவிட உயரமான டபுள் குரோஷா, ஷெல் என்று சொல்லும் சிப்பிப் பின்னல், நடுவிலிருந்து சுற்றிச் சுற்றிப் போடும் கிரானி சதுரம், இதெல்லாம் யாருக்கும் சொந்தமில்லை. வாசலில் புள்ளி வைத்துக் கம்பி இழுப்பது யாருக்குச் சொந்தம்? ஆனால் நீங்கள் உட்கார்ந்து யோசித்து வரைந்த 15 புள்ளிக் கோலம் உங்களுடையதுதானே. புதிதாக ஒரு கண்ணியைக் கண்டுபிடித்தால்தான் டிசைனர் என்று நினைத்தால் யாருமே தேற மாட்டோம். அமெரிக்காவில் எலிசபெத் ஸிம்மர்மன் என்று ஒரு பெரிய நிட்டிங் ஆசிரியை இருந்தார். தான் எதையும் கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொள்ளக் கூச்சப்பட்டு, ‘இன்வென்ட்’ என்பதை மாற்றி ‘அன்வென்ட்’ என்று ஒரு சொல்லையே உண்டாக்கினார். உலகத்தில் எங்கோ ஒரு கிழவி இதை முன்பே போட்டிருப்பாள், நான் மறுபடி தோண்டி எடுத்தேன், அவ்வளவுதான் என்கிற மாதிரி. எனக்குப் பிடித்த அடக்கம் அது. உங்கள் டிசைன் என்பது நீங்கள் எடுக்கும் முடிவுகள்: எந்த நூல், எந்த ஊசி, எவ்வளவு அகலம், எந்தப் பின்னல் எங்கே தொடங்கி எங்கே நிற்கிறது, ஓரம் எப்படி, இரண்டு பக்கமும் பார்க்க எப்படி.

இந்த முடிவுகளை எல்லாம் எடுக்கிற இடம் மாதிரித் துண்டு, அதாவது அதே நூலில், அதே ஊசியில், அதே பின்னலில் முன்கூட்டிப் போட்டுப் பார்க்கும் சின்னச் சதுரம். வகுப்பில் நான் இந்த வார்த்தையைச் சொன்னதும் பாதிப் பேர் போனை எடுத்துவிடுவார்கள். அரை மணி நேர வேலைக்குச் சோம்பல்பட்டு முப்பது மணி நேர வேலையைப் பிரிப்பார்கள். துண்டைச் சின்னதாகப் போடாதீர்கள், 15 செ.மீ.க்கு 15 செ.மீ. ஆவது இருக்கட்டும். ஓரக் கண்ணிகள் எப்போதும் கொஞ்சம் கோணலாக இருக்கும், அளவை நடுவிலிருந்துதான் எடுக்க வேண்டும். போட்டவுடன் அளக்கவும் கூடாது. வீட்டில் எப்படித் துவைப்பீர்களோ அப்படித் துவைத்து, தட்டையாக விரித்துக் காயவைத்து, பிறகு அளவு. அக்ரிலிக் உல்லன் என்றால் அதன்மேல் இஸ்திரிப் பெட்டி வைக்காதீர்கள், சூட்டில் அந்த நூல் துவண்டுபோய்விடும், மறுபடி எழும்பாது. காட்டன் என்றால் இன்னொரு சோதனை உண்டு: கொடியில் கிளிப் மாட்டி ஒரு ராத்திரி தொங்கவிடுங்கள். நான் முதன்முதலில் டிசைன் செய்த காட்டன் ஸ்கார்ஃப் 150 செ.மீ. நீளம். ஒரு மாதம் போட்டதில் தன் கனத்திலேயே இழுத்துக்கொண்டு இறங்கி, ஒரு கல்யாணப் பந்தியில் அதன் முனை சாம்பாரில் தோய்ந்தது. எவ்வளவு இழுக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல என்னிடம் சூத்திரம் இல்லை. நூலுக்கு நூல், பின்னலுக்குப் பின்னல் மாறும். தொங்கவிட்டுப் பார்ப்பது ஒன்றுதான் வழி.

இப்போது கணக்கு. பயப்படாதீர்கள், ஐந்தாம் வகுப்புப் பெருக்கல் வகுத்தல்தான். சிப்பிப் பின்னலையே எடுத்துக்கொள்வோம். முதல் கண்ணியில் ஒரு சிங்கிள் குரோஷா. பிறகு இரண்டு விட்டு, அடுத்ததில் 5 டபுள் குரோஷா, மறுபடி இரண்டு விட்டு, அடுத்ததில் ஒரு சிங்கிள். ஒரு சிப்பிக்கு 6 கண்ணி செலவு, ஆரம்பத்தில் போட்ட அந்த ஒரு சிங்கிள் தனி. ஆகவே மொத்தக் கண்ணி எப்போதும் ஆறின் மடங்கோடு ஒன்று. உங்கள் மாதிரித் துண்டில் 5 சிப்பி சேர்ந்து 16 செ.மீ. வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சிப்பி 3.2 செ.மீ. போர்வை 80 செ.மீ. அகலம் வேண்டும், இரண்டு பக்கமும் 3 செ.மீ. பார்டர். மிச்சம் 74 செ.மீ. அதை 3.2ஆல் வகுத்தால் 23 சொச்சம். சொச்சத்தைத் தள்ளுங்கள், அரைச் சிப்பிக்கு இங்கே இடமில்லை. 23 சிப்பி என்றால் 23 பெருக்கல் 6, அதோடு 1, ஆக 139 கண்ணி. திரும்புவதற்கு ஒரு செயின் சேர்த்து 140 செயின் போட்டுத் தொடங்க வேண்டும். நீளமும் இப்படித்தான்: 10 வரி 11 செ.மீ. என்றால், பார்டர் போக 94 செ.மீ.க்கு 85 வரி சொச்சம். இந்தப் பின்னல் இரண்டு வரிக்கு ஒருமுறை திரும்ப வருகிறது, அதனால் 86 வரி. முடிந்தது கணக்கு. அந்த 140 செயினை மட்டும் ஒரு சைஸ் பெரிய ஊசியில் போடுங்கள். செயின் இறுகினால் போர்வையின் அடிப்பக்கம் சுருக்குப்பை மாதிரி ஆகிவிடும்.

உங்கள் போர்வை குறுகிய இடத்துக்கு வருவோம். மேலே சொன்ன கணக்கின்படி இரண்டாவது வரியில் என்ன நடக்கிறது என்று கிட்டே போய்ப் பாருங்கள். கீழே 23 சிப்பி இருக்கிறது. ஒவ்வொரு சிப்பியின் உச்சியிலும், அதாவது மூன்றாவது டபுளில், ஒரு சிங்கிள் போடுகிறோம்: 23. இரண்டு சிப்பிக்கு நடுவில் இருக்கும் பள்ளத்தில் புதுச் சிப்பி: அப்படி 22 பள்ளம், ஆகவே 110 டபுள். கூட்டினால் 133 தான். 6 காணவில்லை. எங்கே போனது? ஓரத்தில். வரி தொடங்கும்போது 3 செயின் ஏறி (அது ஒரு டபுள் கணக்கு) அதே கண்ணியில் 2 டபுள் போட்டு ஓர் அரைச் சிப்பி, வரி முடியும்போது கடைசிச் சிங்கிளில் 3 டபுள் போட்டு இன்னோர் அரைச் சிப்பி. அந்த ஆறு இதுதான். இப்போது 139 சரி. வீடியோவில் ‘ஓரத்தில் மட்டும் இப்படிப் போட்டுக்கோங்க’ என்று ஓடிவிடுகிற அரை நிமிடம்தான் போர்வையைச் சதுரமாக நிறுத்துகிறது.

நீங்கள் போட்டது வெறும் டபுள் குரோஷா வரிகள் என்றால் காரணம் வேறாக இருக்கும். திரும்பும்போது போடும் 3 செயினை ஒரு டபுளாக எண்ணுகிறோம் அல்லவா, அடுத்த வரியின் கடைசியில் அதன் உச்சியில் ஊசியை விட்டு ஒரு டபுள் போட வேண்டும். அது பார்க்கக் கண்ணி மாதிரியே தெரியாது, ஓரத்தில் சும்மா ஒரு முறுக்கு மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். விட்டுவிட்டால் வரிக்கு ஒரு கண்ணி போகும். ஒரு வரியில் இடது ஓரம், அடுத்ததில் வலது ஓரம் என்று மாறி மாறிப் போவதால் இரண்டு பக்கமும் சமமாகச் சரியும், அதனாலேயே பாதிப் போர்வை வரை கண்ணில் படாது. என் வகுப்பில் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலோர் இந்தத் தப்பைச் செய்திருக்கிறார்கள். நானும் செய்திருக்கிறேன், பெரியம்மா பிரித்துப் போட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் காபி குடிக்கப் போய்விட்டார்.

நூல் தீர்ந்ததற்கு வருவோம். மாதிரித் துண்டைப் பிரிக்காமல் தராசில் வையுங்கள். 15க்கு 15 என்றால் 225 சதுர செ.மீ. அது 9 கிராம் இருக்கிறது என்று வையுங்கள். 80க்கு 100 போர்வை 8,000 சதுர செ.மீ. அதை 225ஆல் வகுத்து 9ஆல் பெருக்கினால் 320 கிராம். பிசிறு, பார்டர், பிரித்துப் போடுவது எல்லாவற்றுக்கும் பத்து சதவீதத்துக்குக் குறையாமல் கூட்டி 100 கிராம் உருண்டை நான்கு வாங்குங்கள். இதில் எனக்கு நிச்சயமில்லாத இடம் தராசு. சமையல் தராசு ஒரு கிராம் முன்னே பின்னே காட்டினால் மொத்தத்தில் 35 கிராம் தப்பும். துண்டு பெரிதாக இருக்கட்டும் என்று நான் சொல்வது இதற்காகவும்தான். குரோஷா நிட்டிங்கைவிட மூன்றில் ஒரு பங்கு நூல் கூடத் தின்னும் என்று எல்லோரும் சொல்வார்கள். கூடத் தின்னும் என்பது உண்மை, ஆனால் அந்த மூன்றில் ஒரு பங்கை நம்பி நூல் வாங்காதீர்கள், பின்னலைப் பொறுத்து ரொம்பவே மாறும். நாலு உருண்டையும் ஒரே லாட் நம்பராக, அதாவது ஒரே தடவையில் சாயம் போட்டதாக, பார்த்து ஒரே தடவையில் வாங்குங்கள். கடையில் ஒரே மெரூன் மாதிரித் தெரியும், வீட்டில் ஜன்னல் வெளிச்சத்தில் பட்டை அடித்துக் காட்டும்.

முக்கோணச் சால்வை போடுகிறவர்களுக்கு ஒரு சின்ன எச்சரிக்கை, நீங்கள் கேட்கவில்லை என்றாலும். நுனியில் தொடங்கி அகன்றுகொண்டே போவதில், உயரத்தில் பாதி வந்ததும் பாதி நூல் ஆகிவிட்டது என்று தோன்றும். கால் பங்குதான் ஆகியிருக்கும். 70 செ.மீ. உயரமுள்ள சால்வையில் பாதி நூல் தீர்வது கிட்டத்தட்ட 50 செ.மீ.யில். மிச்ச 20 செ.மீ. மறுபாதியைச் சாப்பிடும்.

பார்டருக்கு நிறையப் பேர் ‘ஒரு வரிக்கு இத்தனை’ என்று விதி சொல்வார்கள். எனக்கு அந்த விதிகளில் நம்பிக்கை குறைவு. மாதிரித் துண்டின் ஓரத்திலேயே பார்டரைப் போட்டுப் பாருங்கள். அதிகம் எடுத்தால் பாவாடைக் கொசுவம் மாதிரி அலை அலையாக நிற்கும், குறைவாக எடுத்தால் நாடா இழுத்த மாதிரி சுருங்கும். எத்தனை எடுத்தபோது சமமாகப் படுத்ததோ அதுதான் உங்கள் எண். மூலையில் மட்டும் ஒரே கண்ணியில் மூன்று சிங்கிள், இல்லாவிட்டால் மூலை மடங்கும். குழந்தைக்கு என்பதால் இன்னும் இரண்டு விஷயம்: பெரிய ஓட்டை உள்ள லேஸ் பின்னல் வேண்டாம், பிஞ்சு விரல் மாட்டும். குஞ்சமும் வேண்டாம். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தை தூங்கும்போது தளர்வான போர்வையே கூடாது என்றுதான் குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஆகவே மடியில் வைத்துக்கொள்ள, வெளியே தூக்கிப்போகும்போது சுற்ற என்று நினைத்து அளவு வையுங்கள். 80க்கு 100 அதற்குப் போதும்.

மஃப்ளர் வேறு மாதிரி. அதை நிட்டிங்கில் போடப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். நேர் பக்கம் நிட் (நேர்க் கண்ணி), மறுபக்கம் பர்ல் (திருப்பிப் போட்ட கண்ணி) என்று மாற்றி மாற்றிப் போட்டால் வரும் வழவழப்பான துணி எல்லோருக்கும் பிடிக்கும், ஆனால் அது ஓலைச் சுருள் மாதிரி சுருண்டுகொள்ளும். பக்க ஓரங்கள் பின்னால் சுருளும், மேலும் கீழும் முன்னால் சுருளும். அது உங்கள் கைத்தப்பு இல்லை, அந்தத் துணியின் குணம். தண்ணீரில் நனைத்துக் குண்டூசி குத்திக் காயவைத்தாலும் நாலு நாளில் மறுபடி சுருளும். இன்னொன்று, மஃப்ளரைக் கழுத்தில் சுற்றும்போது பின்பக்கமும் வெளியே தெரியும். இரண்டுக்கும் சேர்த்து வழி, இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் பின்னலைத் தேர்ந்தெடுப்பது. எல்லா வரியும் நிட் போடும் கார்ட்டர், ஒற்றைப்படைக் கண்ணியில் நிட் பர்ல் நிட் பர்ல் என்று போகும் ஸீட், மூன்று நிட் மூன்று பர்ல் என்று மேடு பள்ளமாக நிற்கும் ரிப், இவை மூன்றும் சுருளாமல் படுக்கும். ரிப்பும், கயிறு முறுக்கிய மாதிரி வரும் கேபிளும் துணியை உள்ளே இழுக்கும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். என் நோட்டில் ஒரு குறிப்பு இருக்கிறது: அதே நூல், அதே ஊசி, 48 கண்ணி, வழவழப்பான துணியில் 22 செ.மீ., ரிப்பில் 15 செ.மீ. ஆகவே எந்தப் பின்னலில் போடப் போகிறீர்களோ அதிலேயே மாதிரித் துண்டு.

அலை அலையாக வேண்டும் என்றால் ஷெட்லாந்துத் தீவுகளின் பழைய பின்னல் ஒன்று உண்டு, 18 கண்ணிக்கு ஒரு அலை. இரண்டிரண்டாகச் சேர்த்து மூன்று முறை, பிறகு நூலைச் சுற்றி ஒரு நிட் என்று ஆறு முறை, மறுபடி இரண்டிரண்டாக மூன்று முறை. சேர்த்ததில் 6 குறைந்தது, சுற்றியதில் 6 கூடியது, 18 அப்படியே இருக்கிறது. நான்கு வரியில் ஒரே ஒரு வரிதான் இந்த வேலை, மற்றதெல்லாம் சாதா வரி. இதை நன்றாக ஒருமுறை பார்த்துவிட்டால் பின்னல் டிசைனின் சூட்சுமம் பிடிபடும்: குறைத்ததை எங்காவது கூட்டிவிட வேண்டும். எங்கே குறைக்கிறோம், எங்கே கூட்டுகிறோம் என்பதை நகர்த்தினால் அலையின் உருவம் மாறும். மாற்றிப் பாருங்கள், நாலு அலை அகலத்துக்கு மட்டும்.

கலர் பற்றி ஒரே வார்த்தை. 25 கிரானி சதுரம், ஒவ்வொன்றிலும் நாலு கலர் என்று திட்டம் போடும்போது, கடைசியில் 200 நூல் முனைகளை ஊசியில் கோத்து மறைக்க வேண்டியிருக்கும் என்பதையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பின்டரெஸ்ட் படத்தைப் பார்த்து ஏங்க வேண்டாம். அங்கே இப்போது வரும் பல போர்வைகள் கணினி வரைந்தவை. பெரிதாக்கிப் பார்த்து ஒரு கண்ணி எங்கே தொடங்கி எங்கே போகிறது என்று தேடுங்கள், கிடைக்காது.

போட்டு முடித்தபிறகு டிசைனை எழுதி மற்றவர்களுக்குக் கொடுக்க நினைத்தால், அங்கேதான் நிஜமான வேலை. நம் ஊரில் பெரிய குழப்பம் பெயர்களில். அம்மா, அத்தை வீட்டில் இருக்கும் பழைய புத்தகங்கள் பிரிட்டிஷ் முறை, யூடியூபில் பெரும்பாலும் அமெரிக்க முறை. அத்தையின் ‘டபுள் குரோஷா’தான் யூடியூபின் ‘சிங்கிள் குரோஷா’. யூடியூபின் ‘டபுள்’ அத்தைக்கு ‘ட்ரெபிள்’. எந்த முறை என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். இந்தப் பதில் முழுக்க நான் சொன்னது அமெரிக்க முறை. நிட்டிங் ஊசியிலும் பழைய நம்பர் ஏற ஏற ஊசி மெலியும், 8ஆம் நம்பர் 4 மி.மீ., 10ஆம் நம்பர் 3.25 மி.மீ. அதனால் மி.மீ.யில் எழுதுவது நல்லது.

கைக்குக் கை நூலை இழுக்கும் இறுக்கமும் வேறு. சென்னையில் 2016 ஜனவரி 31 அன்று ‘மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்’ குழு 11,148.5 சதுர மீட்டர் போர்வை செய்து கின்னஸ் சாதனை படைத்ததே, அந்தச் செய்தியைப் பார்த்த உற்சாகத்தில் எங்கள் வகுப்பில் 12 பேர் சேர்ந்து சதுரம் போட்டோம். ஒரே நூல், ஒரே சைஸ் ஊசி, ஒரே எழுத்துக் குறிப்பு. வந்தவை 13 செ.மீ. முதல் 17 செ.மீ. வரை! ஒட்ட வைக்க முடியாமல் சின்னதுக்கெல்லாம் ஒரு சுற்று கூடப் போட்டுச் சமாளித்தோம். குறிப்பு எழுதியது நான், தப்பும் என்னுடையது: எத்தனை சுற்று என்று எழுதினேன், எத்தனை செ.மீ. வர வேண்டும் என்று எழுதவில்லை. அதற்குப் பிறகு எந்தக் குறிப்பிலும் முடிந்த அளவை முதலில் எழுதுகிறேன், ஒவ்வொரு வரி முடிவிலும் மொத்தக் கண்ணி எண்ணிக்கையைப் போடுகிறேன், வெளியே விடுவதற்கு முன் இரண்டு பேரிடம் கொடுத்துப் போடச் சொல்கிறேன். அதில் ஒருவர் எனக்கு போன் செய்து கேட்க முடியாதவராக இருக்க வேண்டும்.

உரிமை விஷயம்: பின்னல் முறைக்குப் பதிப்புரிமை (காப்பிரைட்) கிடையாது, நீங்கள் எழுதிய குறிப்பு, வரைந்த சார்ட், எடுத்த படம் ஆகியவற்றுக்கு உண்டு. 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் எழுத்துக்கு ஆசிரியர் வாழும் காலமும் அதன்பின் 60 வருடமும். மற்றவர் குறிப்பை எடுத்து கலரை மாற்றித் தன் பெயரில் போடுவது தப்பு, இதில் சந்தேகமில்லை. எவ்வளவு மாற்றினால் அது உங்களுடையது ஆகும் என்பது வழக்கறிஞரிடம் கேட்க வேண்டிய கேள்வி, என்னிடம் இல்லை. நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்று உண்டு. அவருடைய குறிப்பை மூடி வைத்துவிட்டு, என் மாதிரித் துண்டையும் என் கணக்கையும் மட்டும் வைத்து முதலிலிருந்து எழுத முடிகிறதா? முடிந்தால் என்னுடையது என்பேன். அப்போதும், யார் போட்டதைப் பார்த்து ஆசை வந்தது என்று ஒரு வரி எழுதிவிடுவேன்.

கடைசியாக, அந்தக் குறுகிய போர்வையைப் பிரித்துவிட்டீர்களா? இல்லையென்றால் பிரிக்காதீர்கள். உங்களிடம் இருக்கும் மிகப் பெரிய மாதிரித் துண்டு அது. துவைத்துக் காயவையுங்கள், நடுவில் அளவெடுங்கள், எடை போடுங்கள். பிறகு முதல் வரியில் எத்தனை கண்ணி, கடைசி வரியில் எத்தனை, மொத்தம் எத்தனை வரி என்று எண்ணி இங்கேயே பதிலில் போடுங்கள். வரிக்கு ஒன்று குறைந்திருந்தால் அந்த 3 செயின் உச்சி. சிப்பிப் பின்னலாக இருந்து வரிக்கு ஆறு குறைந்திருந்தால் அரைச் சிப்பி. ஒழுங்கே இல்லாமல் குறைந்திருந்தால் சீரியல் பார்த்துக்கொண்டே போட்டிருக்கிறீர்கள், அதற்கு 20 கண்ணிக்கு ஒரு சேஃப்டி பின் மாட்டிக்கொண்டு போவதுதான் மருந்து.